பிளாஸ்டிக் பழம்பொருள்களின் சிதைவும் காப்பும்

அருங்காட்சியகத்திலுள்ள பொருள்களுள் மிகப் பழையவையே முதலில் அழியும் என்பது பொதுவான எண்ணம். உண்மை இதற்கு மாறானது. ஈராயிரம் ஆண்டு கடந்த கற்சிலையும், ஆயிரம் ஆண்டு கடந்த வெண்கலப் படிமமும் பெரிய மாறுதலின்றி நிற்கின்றன. அதே கட்டடத்தில் அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட பொம்மை பிசுபிசுத்துப் போகிறது. நூறாண்டுக்கு முந்திய செல்லுலாயிடு சீப்பு தொட்டவுடன் நொறுங்குகிறது. நுரைப் பிளாஸ்டிக்கால் செய்த இருக்கை மாவாக உதிர்கிறது. பிளாஸ்டிக் அழியாத பொருள் என்று கூறப்படுவதோ எனின், மண்ணிலும் கடலிலும் குப்பையாய்க் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றியவரை அது பெரிதும் மெய்யே. ஆயின் அருங்காட்சியகத்திற்கு வேண்டுவன பொருளின் துணுக்குகள் அல்ல. அதன் உருவமும் நிறமும் வழவழப்புமே. அவை போனபின் எஞ்சும் பொடி, வேதியியல் நோக்கில் பிளாஸ்டிக்காகவே இருப்பினும், காட்சிக்கு உதவாது.

இச்சிதைவை முற்றும் தடுக்கும் வழி இன்றுவரை இல்லை. அதனை மெதுவாக்க இயலும். அதற்கு முதற்படி, பொருள் எவ்வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது என்று அறிவதாகும். ஒருவகைப் பிளாஸ்டிக்கின் வாழ்நாளை நீட்டிக்கும் அதே முறை வேறொரு வகையின் அழிவை விரைவுபடுத்தும் என்பதே இதற்குக் காரணம்.

பிளாஸ்டிக் என்பது ஒரு பொருளன்று

சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலிபோல் பிணைந்து உண்டாகும் நெடிய மூலக்கூறுகளுக்குப் பாலிமர் என்பது பெயர். பிளாஸ்டிக் யாவும் பாலிமர்களே. ஆனால் கடையில் விற்கும் பிளாஸ்டிக் பொருளில் பாலிமர் மட்டும் இருப்பதில்லை. அதனை வளையச் செய்யும் நெகிழ்வூட்டிகள், நிறமிகள், நிரப்பிகள், ஒளியாலும் வெப்பத்தாலும் கெடாதிருக்கச் சேர்க்கும் நிலைநிறுத்திகள் ஆகியனவும் கலந்திருக்கும். காலப்போக்கில் இச்சங்கிலிகள் அறுபடலாம். அல்லது கலந்த பொருள்கள் பிரிந்து வெளியேறலாம். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நிகழ்கின்றன. ஈரம், ஆக்ஸிஜன், ஒளி, வெப்பம் ஆகிய நான்கும் இவற்றைத் தூண்டுவன.

மிகுதியாகக் கெடுபவை நான்கு: செல்லுலோஸ் நைட்ரேட், செல்லுலோஸ் அசிடேட், நெகிழ்வூட்டி சேர்ந்த பாலிவினைல் குளோரைடு, பாலியூரிதேன் நுரை. ரப்பரையும் இவற்றோடு சேர்த்து எண்ணுவது வழக்கம். 1907 இல் லியோ பேக்லாண்டு கண்டுபிடித்த பேக்லைட்டு இவற்றினும் உறுதியானது. பழைய வானொலிப் பெட்டிகளும் மின்விசைக் குமிழ்களும் நிறம் கறுத்து மேற்பரப்பு மங்கினும் உருக்குலையாமல் இருப்பது இதனாலேயே. பேக்லாண்டு முதலில் தேடியது அவலரக்குக்கு ஒரு மாற்றுப் பொருளை என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. அக்காலத்தில் உலகம் பயன்படுத்திய அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே சென்றது.

செல்லுலாயிடு

இங்கிலாந்தில் அலெக்சாண்டர் பார்க்ஸ் என்பார், பருத்தி முதலியவற்றின் செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தோடு வினைப்படுத்திக் கிடைத்த பொருளிலிருந்து 'பார்க்சின்' என்னும் பண்டத்தைச் செய்து, 1862 இல் இலண்டன் அனைத்துநாட்டுப் பொருட்காட்சியில் வைத்தார். வணிகத்தில் அது வெற்றி பெறவில்லை. பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத் தந்தம் கிடைப்பது அரிதான காலத்தில், அதற்கு மாற்றுத் தேடிய அமெரிக்கராகிய ஜான் வெஸ்லி ஹையட், செல்லுலோஸ் நைட்ரேட்டோடு கற்பூரத்தைச் சேர்த்து அழுத்தினால் விரும்பிய வடிவில் வார்க்கலாம் எனக் கண்டு, தம் தமையனாருடன் சேர்ந்து 1870 இல் காப்புரிமை பெற்றார். அதுவே செல்லுலாயிடு. தந்தம், ஆமையோடு, பவளம் ஆகியவற்றைப் போன்ற தோற்றத்தை மலிவாகத் தந்தமையால் சீப்பு, வளையல், மூக்குக்கண்ணாடிச் சட்டம், பொம்மை, ஆர்மோனியக் கட்டை ஆகிய யாவற்றிலும் அது புகுந்தது. திரைப்படச் சுருளும் அரை நூற்றாண்டுக்கு மேல் அதனாலேயே செய்யப்பட்டது.

செல்லுலாயிடில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கற்பூரம். தட்டில் திறந்து வைத்த கற்பூரம் நாளடைவில் தானே கரைந்து காற்றோடு கலப்பதை எவரும் அறிவர். செல்லுலாயிடினுள் இருக்கும் கற்பூரமும் அவ்வாறே வெளியேறுகிறது. கற்பூரம் குறையக் குறையப் பொருள் சுருங்கிக் கடினமாகி, உள்ளே மயிரிழை போன்ற வெடிப்புகள் உண்டாகின்றன.

இதனினும் கொடியது வேதிச் சிதைவு. வெப்பத்தாலும் ஒளியாலும் நைட்ரேட் தொகுதிகள் செல்லுலோஸிலிருந்து பிரிந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களாக வெளிப்படுகின்றன. காற்றிலுள்ள ஈரத்தோடு அவை கூடி நைட்ரிக் அமிலம் ஆகின்றன. அவ்வமிலம் மீண்டும் அதே பொருளைத் தாக்கி மேலும் வாயுவை வெளிப்படுத்துகிறது. தன் விளைபொருளே தன் வினையைத் தூண்டும் இந்நிகழ்ச்சிக்குத் தன்வினையூக்கம் என்று பெயர். ஆதலின் செல்லுலாயிடு பல்லாண்டுகள் குறையின்றித் தோன்றிப் பின் சில திங்களுள் முற்றும் கெட்டுவிடுவதுண்டு. நேற்று நன்றாயிருந்தது என்னும் காப்பாளரின் வியப்புக்கு இதுவே விடை.

இங்குதான் வழக்கமான காப்புமுறை தீமையாக முடிகிறது. மதிப்புமிக்க பொருளைக் காற்றுப்புகாத கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டுவது அருங்காட்சியகங்களின் நெடுநாள் பழக்கம். கற்சிலைக்கு அதனால் கேடில்லை. செல்லுலாயிடுக்கோ, வெளிவந்த அமில ஆவி போக வழியின்றிப் பொருளையே சூழ்ந்து நிற்பதால், பேழையே அதன் அழிவுக்கூடமாகிறது. அதனோடு வைத்த பிற பொருள்களும் தப்புவதில்லை: பித்தளைப் பிணையல்கள் பச்சை பிடிக்கின்றன, இரும்பு ஊசிகள் துருவேறுகின்றன, கீழே விரித்த துணியும் தாளும் பழுப்பேறி இற்றுப்போகின்றன. மேற்பரப்பில் மஞ்சள் நிறத் துளிகள் வியர்வைபோல் அரும்பியிருப்பின் அவை அமிலம் கலந்தவை, வெறுங்கையால் தொடலாகாது.

படச்சுருளில் நிலைமை இன்னும் கடுமையானது. முதலில் உருவம் மங்கி, பின் சுருள் ஒட்டும் பசைபோலாகி, இறுதியில் பழுப்புப் பொடியாகிறது. நைட்ரேட் படச்சுருள் எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜன் அதனுள்ளேயே இருப்பதால், தீப்பற்றினால் நீரில் அமிழ்த்தினும் அணையாது. நன்கு சிதைந்த சுருள், 41 டிகிரி சென்டிகிரேட் அளவிலான வெப்பம் நாட்கணக்கில் நீடிப்பின், தானே தீப்பற்றக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் நாட்டின் பல நகரங்களில் கோடைப்பகலில் வெளிக்காற்றே இவ்வெப்பநிலையைக் கடப்பதுண்டு. தகரக் கூரையின்கீழ் உள்ள அறையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. 1964 இல் புனேயில் நிறுவப்பட்ட இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திற்கு உரிய நைட்ரேட் சுருள்கள் பல, 2003 சனவரியில் அந்நகரிலுள்ள திரைப்படக் கல்விநிலைய வளாகத்தின் வைப்பறையில் நேர்ந்த தீயில் அழிந்தன. இந்தியத் திரைப்பட வரலாற்றின் தொடக்ககாலச் சான்றுகள் சில அங்ஙனம் மீட்கவியலாமற் போயின.

அசிடேட்டும் காடி நாற்றமும்

தீயச்சத்தை நீக்கவே செல்லுலோஸ் அசிடேட் வந்தது. அதனாற் செய்த சுருளுக்குப் பாதுகாப்புச் சுருள் என்றே பெயர் வைத்தனர். அதன் மேம்பட்ட வடிவமாகிய டிரை அசிடேட் 1948 இல் அறிமுகமாயிற்று. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நைட்ரேட் சுருளின் உற்பத்தி நின்றது. ஆனால் பத்தாண்டு நிறைவதற்குள் புதிய சுருளும் கெடுவதாக உற்பத்தியாளராகிய ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்திற்கு முறையீடு சென்றது. அம்முதல் முறையீட்டை அனுப்பியது இந்திய அரசே. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் வைத்திருந்த சுருள்கள், குளிர்நாட்டு ஆய்வுக்கூடங்கள் எதிர்பாராத ஒன்றை முன்கூட்டியே காட்டிவிட்டன. தட்பவெப்பம் காரணமாக இந்நாட்டில் பிளாஸ்டிக் விரைவில் மூப்படைகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஈரத்தால் அசிடேட் தொகுதிகள் பிரிந்து அசெட்டிக் அமிலமாகின்றன. அதுவே காடியிலுள்ள புளிப்பு. பெட்டியைத் திறந்தவுடன் காடி நாற்றம் வீசுவது இதனாலேயே. இவ்வமிலமும் தன்வினையைத் தானே தூண்டுவதாகும். சுருளின் அடித்தளம் சுருங்க, அதன்மேல் உள்ள ஜெலட்டின் படலம் அவ்வளவு சுருங்காமையால், புகைப்பட எதிர்ப்படிகளில் படலம் கிளர்ந்து வாய்க்கால் வாய்க்காலாக எழுந்து நிற்கும். இந்நிலைக்கு வந்த எதிர்ப்படியைத் தட்டையாக்க முயல்வது வீண். இயலுமாயின் படலத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் படியெடுப்பர். இது தேர்ந்தவர்க்குரிய வேலை.

21 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 50 ஒப்பு ஈரப்பதனும் உள்ள அறையில், புதிய அசிடேட் சுருளில் காடி நாற்றம் தொடங்க ஏறத்தாழ 40 ஆண்டு ஆகும் என அமெரிக்காவின் பட நிலைப்பு ஆய்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. கடற்கரை நகரங்களின் சாதாரண அறைகளில் வெப்பமும் ஈரமும் இவற்றினும் மிகுதி என்பதை நினைத்தால், காலம் எவ்வளவு குறையும் என்பதை ஊகிக்கலாம். சிதைவின் அளவை அறிய நிறங்காட்டித் தாள் உதவும். சுருளோடு பெட்டியில் வைத்த நீலநிறத் தாள் அமிலத்தின் அளவுக்கேற்பப் பச்சையாகவும் பின் மஞ்சளாகவும் மாறும். செலவு சிறிது, பயனோ பெரிது.

மூடி வைக்க வேண்டியவை

இதுவரை கூறியதிலிருந்து, பிளாஸ்டிக் யாவற்றையும் காற்றோட்டத்தில் வைத்தல் நலம் என்று ஒருவர் முடிவு செய்யலாம். பாலிவினைல் குளோரைடு அதற்கு நேர் எதிர். இயல்பில் இது விறைப்பான பொருள். தாலேட் வகையைச் சேர்ந்த எண்ணெய் போன்ற நெகிழ்வூட்டிகளைக் கலந்தே இதனை மழைச்சட்டை, குழாய், பொம்மை ஆகியவற்றிற்கு ஏற்ப மெதுவாக்குவர். இவ்வெண்ணெய் பாலிமரோடு பிணைக்கப்பட்டதன்று, இடையில் தங்கியிருப்பதே. நாளடைவில் அது மேற்பரப்புக்கு வந்து பிசுபிசுப்பாகிறது; தூசியைப் பிடித்துக்கொள்கிறது. 1959 இல் வெளிவந்த பார்பி பொம்மைகளின் கால்கள் சில கைக்கு ஒட்டுவதும், உலோகக் காதணி குத்திய இடம் பச்சையாவதும் சேகரிப்போர் நன்கறிந்த செய்திகள்.

டென்மார்க்குத் தேசிய அருங்காட்சியகத்தில் இவோன் ஷஷூவா என்னும் ஆய்வாளர் இதனை விரிவாக ஆராய்ந்து, அதன் முடிவுகளை 2001 இல் வெளியிட்டார். காற்றோட்டத்தில் வைத்தால் நெகிழ்வூட்டி விரைந்து வெளியேறிப் பொருள் சுருங்கி விறைத்து நிறம் கறுக்கிறது என்றும், கண்ணாடிக் கலத்தில் மூடி வைத்தால் அவ்வெளியேற்றம் தடைப்பட்டுச் சிதைவு மெதுவாகிறது என்றும் அவர் காட்டினார். செல்லுலாயிடின் அமில ஆவியை உறிஞ்ச உதவும் கிளர்வுற்ற கரி, இதனருகில் வைத்தால் நெகிழ்வூட்டியையும் இழுத்துக்கொள்ளும். பாலித்தீன் பையும் அவ்வாறே. மேலே பிசுபிசுப்பு உள்ளதே என்று துடைத்தெடுப்பதும் ஆய்ந்து செய்ய வேண்டியதாகும். துடைத்தது மீண்டும் உள்ளிருந்து ஊறும், பொருளும் இன்னும் வறளும்.

பாலியூரிதேன் நுரையில் எஸ்டர் வகை ஈரத்தாலும், ஈதர் வகை ஒளியாலும் ஆக்ஸிஜனாலும் கெடுகின்றன. இருபது முப்பது ஆண்டுகளில் மாவாகிவிடுவன உண்டு. முன்னதை உலர்ந்த இடத்திலும், பின்னதை இருளில் ஆக்ஸிஜன் நீக்கிய உறையிலும் வைத்தல் வேண்டும்.

பல பிளாஸ்டிக்குகள் ஒரே பொருளில் கூடியிருப்பின் இடர்ப்பாடு பெரிது. 1969 இல் நிலவில் நடந்த நீல் ஆம்ஸ்டிராங்கின் விண்வெளி உடை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. செயற்கை இழைத் துணி, கண்ணாடியிழைத் துணி, ரப்பர், பாலிவினைல் குளோரைடுக் குழாய், உலோகம் ஆகிய பல அதில் அடுக்கடுக்காக உள்ளன. ரப்பர் இறுகியது; குழாய்களின் நெகிழ்வூட்டி கசிந்தது. பிரித்துத் தனித்தனியே வைப்பது இயலாத காரியம். வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனம் அவ்வுடையை 2006 இல் காட்சியிலிருந்து அகற்றி, ஆய்ந்து, ஒளி குறைந்த பேழையில், குளிர்ந்த உலர்காற்று உடையின் உட்புறமும் செல்லும்படி தனி உருவச்சட்டம் அமைத்து, 2019 சூலையில் மீண்டும் வைத்தது. ஒன்றுக்கொன்று முரணான தேவைகளிடையே காணப்பட்ட நடுவழி அது. ஒவ்வொரு கூறுக்கும் உகந்த வழியன்று.

இனங்காணும் முறை

அகச்சிவப்பு நிறமாலைக் கருவி பிளாஸ்டிக்கின் இனத்தைப் பொருளுக்குச் சேதமின்றிக் காட்டும். பல்கலைக்கழக வேதியியல் துறைகள் பலவற்றில் இக்கருவி உண்டு. கருவி கிட்டாத சிற்றூர்க் காட்சிசாலைகள் மூக்கையும் நாட்குறிப்பையும் நம்பலாம். கையுறையணிந்து பொருளின் மறைவான ஓரத்தைத் தேய்த்து வெதுவெதுப்பாக்கி முகர்ந்தால், செல்லுலாயிடு கற்பூர மணமும், அசிடேட் காடி மணமும், பேக்லைட்டு கார்பாலிக் அமில நெடியும் தரும். செய்த காலமும் துணைசெய்யும்: 1933 இல்தான் பாலித்தீன் கண்டுபிடிக்கப்பட்டது, எனவே அதற்கு முந்திய பொருள் பாலித்தீனாக இருத்தல் இயலாது. ஐயம் தீராவிடில், கடுகளவு துணுக்கின்மேல் கந்தக அமிலத்தில் கரைத்த டைபினைலமீன் ஒரு துளி விட, செல்லுலோஸ் நைட்ரேட் கருநீலமாகும். இச்சோதனை ஆய்வுக்கூடத்தில் பயின்றவர் கையாலேயே நடைபெற வேண்டும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய முறை செல்லுலாயிடில் தீயை விளைக்கும்; அதனை அடியோடு விட்டுவிடல் நலம்.

வைப்பும் துப்புரவும்

இனம் அறிந்தபின் நால்வகையையும் தனித்தனி அலமாரிகளில் பிரித்து வைத்தல் வேண்டும். நைட்ரேட்டும் அசிடேட்டும் காற்றோட்டத்திலோ, கரியோ மூலக்கூற்றுச் சல்லடையோ வைத்த பெட்டியிலோ இருத்தல் தகும். ஈரப்பதன் நூற்றுக்கு 30 அளவில் இருப்பது நன்று. பாலிலிருந்து எடுக்கும் கேசினால் செய்த பழைய பொத்தான்கள் இதற்கு விலக்கு. மிகுந்த வறட்சியில் அவை வெடிக்கும். வெப்பநிலை குறையுந்தோறும் சிதைவு மெதுவாகும். குளிர்பெட்டியில் வைப்பதாயின் ஈரம்புகாத உறையில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, வெளியே எடுத்தபின் ஒருநாள் கழித்தே உறையைப் பிரிக்க வேண்டும். இன்றேல் குளிர்ந்த பொருளின்மேல் நீர் படியும். மின்சாரம் அடிக்கடி தடைப்படும் ஊர்களில், நாள்தோறும் குளிர்ந்து சூடேறும் பெட்டியைக் காட்டிலும், தடித்த சுவர்களையுடைய வடக்குநோக்கிய அறையும் ஓர் ஈரமுறிஞ்சு கருவியும் மேலானவை.

அலமாரியில் அந்துருண்டை போடும் வழக்கத்தைப் பிளாஸ்டிக் உள்ள அறைகளில் நிறுத்திவிட வேண்டும். நாப்தலின் ஆவி பாலிஸ்டைரின் போன்றவற்றை இளக்கி, உருண்டை பட்ட இடத்தில் தழும்பை உண்டாக்கும். துப்புரவுக்கு மென்மையான தூரிகையும், இன்றியமையாதபோது சிறிது ஈரமான துணியும் போதும். சாராயம், அசிட்டோன் முதலிய கரைப்பான்கள் ஒரு துளியாயினும் மேற்பரப்பைக் கரைக்கும். உடனே ஒன்றும் தோன்றாவிடினும் சில கிழமைகளுக்குப் பின் வெடிப்புகள் தலைகாட்டும். உடைந்ததைக் கடைப் பசையால் ஒட்டுவதும் இவ்வாறே முடியும்.

எல்லாம் செய்தும் சில பொருள்கள் போய்விடும். அவற்றின் நிறம், அளவு, எடை, மேற்பரப்பு ஆகியவற்றைப் புகைப்படங்களோடு ஆண்டுக்கு ஒருமுறை பதிவு செய்து வருவது, சிதைவின் வேகத்தை அறியவும், பிற்காலத்தில் படி செய்யவும் உதவும். நைட்ரேட் படச்சுருள் பொடியாகத் தொடங்கிவிட்டதாயின் அதனைக் கட்டடத்திலிருந்து அகற்றித் தீயணைப்புத் துறையினரிடம் ஒப்படைத்தல் வேண்டும். பிற பிளாஸ்டிக்குகளின் உடைந்த துணுக்குகளைக் குப்பையில் எறியாமல், பெயரும் நாளும் எழுதிய கண்ணாடிக் குப்பிகளில் வகைக்கேற்பத் தனியே வைத்தல் வேண்டும். வருங்கால ஆய்வாளர்க்கு அப்பொருளின் கலவையை அறிவிக்கக்கூடியவை அத்துணுக்குகளே.